மலைக் கிராமங்களுக்குச் சங்கத் தபால் பிந்துவதேன்?

(மேல்மலை, கீழ்மலைக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு நிகழ்த்திய பிரசங்கம்)



மகாசபைக் கூட்டம் முடிந்த பிறகு அதற்கான நோட்டீஸ் வந்து சேருகிறது என்பது நமது மலையில் நெடுநாளைய குறை. இதைச் சிலர் வேடிக்கையாகப் பேசுகிறார்கள். லாபப் பங்கீடும், உபவிதித் திருத்தமும் மகாசபையில்தான் தீர்மானமாகின்றன. நோட்டீஸ் கிடைக்காமல் மன்னவனூரில் பூண்டுக் காட்டில் நின்றவரும், கூட்டத்துக்கு வந்து கையுயர்த்தியவரைப் போலவே அத்தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆகையால் இது வேடிக்கையான விஷயமன்று.

இதற்குத் தபால் இலாகாவே முழுக் காரணம் என்று சொல்லிவிடுவது சுலபம். மலையின் கஷ்டமும் உண்மையே. ரயில் 1875-ல் அம்மையநாயக்கனூருக்கு வந்தது. இன்று கொடைக்கானல் ரோடு என்று பெயர் பெற்றிருக்கும் அந்த ஸ்டேஷனோடு ரயில் நின்றுவிட்டது. அங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சாலை வழியாகத்தான் வரவேண்டும். முற்காலத்தில் பெரியகுளம் பக்கத்துக் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூருக்கு ஒற்றையடிப் பாதையாக ஏறினார்கள். லாஸ் காட் பாதை 1916-ல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட பின்னரே மோட்டார் வசதி ஏற்பட்டது. அப்பாதையிலும் மழைக்காலத்தில் மண் சரியும், மரம் விழும். 2018 நவம்பரில் கஜா புயலடித்தபோது மரங்கள் சாய்ந்து போக்குவரத்து நின்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

ஆனால் புயலும் மண்சரிவும் வருஷத்தில் சில தினங்களே. எந்த இடையூறுமில்லாத மாசி மாதத்திலும் நோட்டீஸ் பிந்துகிறதே, அதற்கு என்ன சமாதானம்?

தபாலில் இரண்டு வகுப்புகள் உண்டு. கார்டு, இன்லண்டு லெட்டர், கவர் ஆகியவை முதல் வகுப்பு. அச்சுப் புத்தகக் கட்டுகளும், ரிஜிஸ்தர் செய்த பத்திரிகைகளும் இரண்டாம் வகுப்பு. இரண்டாம் வகுப்புக்குக் கட்டணம் குறைவு, அவசரமும் குறைவு. பையிலும் வண்டியிலும் இடம் போதாவிட்டால் காத்திருப்பது இரண்டாம் வகுப்புக் கட்டுதான். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. குறைந்த கூலிக்கு வந்த சரக்கு பின்னால் போகிறது. சங்கங்கள் செய்வது என்ன? செலவை மிச்சம் பிடிக்க, மகாசபை நோட்டீஸை மாதப் பிரசுரத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டு, இரண்டாம் வகுப்பில் அனுப்புகின்றன. பிரசுரம் பத்து நாள் பிந்தினால் யாருக்கும் நஷ்டமில்லை. நோட்டீஸ் பத்து நாள் பிந்தினால் அது வெறும் காகிதம். ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள். 1879 ஜூலை முதல் இந்நாட்டில் கார்டு வழங்கி வருகிறது. கூட்டத் தேதியும், இடமும், ஆலோசனை விஷயங்களும் எழுத ஒரு கார்டு தாராளமாகப் போதும். அச்சிட்ட கார்டுக்குக் கட்டணம் பன்மடங்கு அதிகம் என்பதைக் காரியதரிசிகள் கவனிக்கவேண்டும். கையால் எழுதினால் மிச்சம்.

அடுத்தது மேல்விலாசம். என் அபிப்பிராயத்தில் பாதித் தாமதம் இதில் இருக்கிறது. பின்கோடு முறை 1972 ஆகஸ்டு 15-ல் வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஸம்ஸ்கிருதப் பண்டிதருங்கூட. ஒரே பெயருள்ள ஊர்களும் பல பாஷை எழுத்துக்களும் செய்யும் குழப்பத்தைத் தீர்க்கவே அம்முறை ஏற்பட்டது. கொடைக்கானலுக்கு 624101. முதல் எண் தமிழ்நாடு, கேரளம் அடங்கிய தென்பகுதியையும், முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் ஜில்லாவையும், கடைசி மூன்று விநியோகத் தபாலாபீஸையும் குறிக்கும். அதோடு வேலை தீர்ந்தது என்று நினைப்பதுதான் பிசகு. ஒரு விநியோக ஆபீஸின் கீழ் பல கிளைத் தபாலாபீஸ்கள் இருக்கும்; அவற்றுக்கெல்லாம் எண் ஒன்றே. எண்ணை மட்டும் நம்பி, கிளை ஆபீஸின் பெயரை எழுதாமல் விட்டால், கட்டு விநியோக ஆபீஸ் வரை ஒழுங்காக வந்து, அங்கே மேஜைமேல் நின்றுவிடும். பிறகு, ஊரில் ஒரே பெயருடையோர் நாலைந்து பேர் இருப்பார்கள். தகப்பனார் பெயரும், தோட்டத்தில் குடியிருப்பவரானால் தோட்டத்தின் பெயரும் வேண்டும். கிளைத் தபாலாபீஸ் ஊழியருக்கு நாளொன்றுக்கு 4 அல்லது 5 மணி நேரமே வேலை. அதற்குள் அவர் எத்தனை மேடு ஏறி இறங்குவார்?

மொத்தமாகத் தபாலில் சேர்க்குமுன் கிராமவாரியாகக் கட்டுங்கள். தாண்டிக்குடிக் கட்டு தனி, பண்ணைக்காட்டுக் கட்டு தனி, பூம்பாறைக் கட்டு தனி. ஒவ்வொன்றின் மேலும் கிளை ஆபீஸ் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு இருக்கட்டும். முன்னூறு உறைகளை ஒரே மூட்டையாகக் கொடுத்தால் பிறர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டும். ஒரு மாலைப்பொழுது இரண்டு பேர் உட்கார்ந்தால் நாமே முடித்துவிடலாம்.

அனுப்பியதற்குச் சாட்சி என்ன என்பது தனிக் கேள்வி. சொற்பக் கட்டணத்தில் கிடைத்துவந்த தபாலிட்டதற்கான அத்தாட்சி 2011-ல் நிறுத்தப்பட்டது. பதிவுத் தபாலும் 2025-ல் ஸ்பீடு போஸ்டோடு இணைந்துவிட்டது; எல்லா அங்கத்தினருக்கும் அப்படி அனுப்பச் சிறு சங்கத்தின் பணம் இடங்கொடாது. டெலிபோன் செய்தி உதவும். ஆயினும் மலை மடிப்புகளில் அது எட்டாத இடங்களும், அதைப் படிக்க இயலாத முதியோரும் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு சோதனை செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஐந்து கிராமங்களில் கிராமத்துக்கு ஓர் அங்கத்தினர், உறை கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி, உறையைச் சங்கத்துக்கு அனுப்பட்டும். தபாலில் சேர்த்த தேதி காரியதரிசியின் புத்தகத்தில் இருக்கும். மூன்று மாதத்தில் எந்த ஊருக்கு எத்தனை நாள் ஆகிறதென்று தெரிந்துவிடும். கூட்டத் தேதியை அதற்குத் தக்கபடி வைக்கலாம். பிந்தியது தபாலாபீஸில்தான் என்று காணுமானால், அந்த உறைகளையே மனுவோடு சேர்த்துத் தபால் சூப்பரின்டெண்டுக்கு அனுப்பலாம்.