இளவட்டக்கல்லும் ஒரு லிட்டர் மணலும்



தென் தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் கோயிலுக்கு முன்னாலோ ஊர் மந்தையிலோ உருண்டையான கருங்கல் ஒன்று கிடப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதற்கு இளவட்டக்கல் என்று பெயர். அதைத் தோளுக்கு ஏற்றிப் பின்புறமாக எறிய வல்லவனே திருமணத்திற்கு ஏற்ற ஆண்மகன் என்று முற்காலத்தில் கருதினார்கள். நார்த்தாமலைக்கு அருகே உள்ள எங்கள் ஊரிலும் அத்தகைய கல் ஒன்று உண்டு. அந்தக் கல்லிடம் நான் தோற்ற கதையிலிருந்து இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

1971-ஆம் ஆண்டுப் பொங்கல். புதுக்கோட்டை தனி மாவட்டமாவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. நாங்கள் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தோம். எனக்கு 18 வயது. நாள்தோறும் ஐம்பது தண்டால் எடுப்பவன் என்ற இறுமாப்பு வேறு. தோழர்கள் கைதட்ட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தேன். கல் முழங்கால் உயரம்கூட வரவில்லை. இடுப்பில் ஏதோ ‘சுளுக்’ என்றது. நாற்பது நாள் பாயை விட்டு எழ முடியாமல் கிடந்தேன்.

என்னைப் பார்க்க வந்த தாய்மாமன் ஏசவில்லை. “மாப்பிள்ளை, இந்தக் கல்லைத் தூக்கினவன் எவனும் இந்தக் கல்லிலே தொடங்கவில்லை” என்றார். நான் தேறி எழுந்தபின் கண்மாய் மணலைச் சாக்குப் பையில் கொஞ்சம் கட்டி என் கையில் கொடுத்தார். “இதைச் சுமந்துகொண்டு பஸ்கி எடு. இலேசாகத் தோன்றும்போது சொல், இன்னும் ஒரு கை மணல் போடுவோம்” என்பதே அவர் உபதேசம்.

ஐம்பது தண்டால் எடுத்தவன் ஏன் தோற்றேன் என்பது பின்னாளில்தான் விளங்கிற்று. உடல் சிக்கனம் மிக்கது. எந்தச் சுமையைச் சுமக்கவேண்டுமோ அதற்குப் போதுமான தசையை மட்டுமே அது வைத்துக்கொள்ளும். ஒரே எடையை எளிதாகப் பலமுறை தூக்கினால் களைப்பைத் தாங்கும் திறன் வளரும்; வலிமையும் தசையும் ஓர் எல்லையோடு நின்றுவிடும். மேலும் வளர வேண்டுமானால் சுமையும் வளர வேண்டும்.

நம் நாட்டுப் பயில்வான்கள் இதை நன்கு அறிந்திருந்தார்கள். கழுத்தில் கல் வளையத்தை மாட்டிக்கொண்டு அவர்கள் தண்டாலும் பஸ்கியும் எடுப்பது வழக்கம். மல்லர் காமா பஸ்கி எடுக்கப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படும் 95 கிலோ எடையுள்ள வளையம் ஒன்று பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய டாக்டர் தாமஸ் டிலோர்ம், காயமுற்ற வீரர்களின் கால்களுக்குச் சிறுகச் சிறுக எடையைக் கூட்டிப் பயிற்சி அளித்து, அம்முறையை 1945-இல் மருத்துவ உலகிற்கு எழுதி அறிவித்தார். அதை வாசித்தபோது எனக்கு என் மாமனின் மணல் மூட்டைதான் நினைவுக்கு வந்தது.

இனி, வீட்டில் இதை எப்படிச் செய்வது? முதலில் திண்ணையை வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் இரண்டடி உயரத் திண்ணையில் கைகளை ஊன்றித் தண்டால் எடுத்தால், கைகள் தாங்குவது சுமார் 25 கிலோ. தரையில் முழங்காலை ஊன்றி எடுத்தால் சுமார் 30. முறையாகக் காலை நீட்டி எடுத்தால் 38. கால்களைத் திண்ணைமேல் வைத்துக் கைகளைத் தரையில் ஊன்றினால் 44. காசு செலவின்றி நான்கு படிகள் ஏறிவிட்டோம்.

ஐந்தாம் படிக்கு மணல் வேண்டும். ஒரு லிட்டர் உலர்ந்த மணல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை இருக்கும். அதைச் சிறு பைகளில் இறுகக் கட்டி, பழைய பள்ளிக்கூடப் பையினுள் அசையாமல் அடுக்குங்கள். தண்டாலுக்கு அந்தப் பை மேல்முதுகில் படிந்திருக்க வேண்டும். கழுத்துக்கோ இடுப்புக்கோ சரியக்கூடாது. பஸ்கிக்கு அதை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். கிழியாத சைக்கிள் டியூப் ஒன்றை முதுகின் குறுக்கே கொண்டுவந்து, இரு முனைகளையும் உள்ளங்கைகளின்கீழ் அழுத்திக்கொண்டு தண்டால் எடுப்பதும் நல்ல முறையே. மேலே எழ எழ ரப்பர் இழுபட்டுச் சுமை மிகும். இழுக்கும் தசைகளுக்கு வேப்பமரக் கிளையும் உறுதியான கயிறும் போதும்.

அளவு என்ன? வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். ஒவ்வொரு பயிற்சியையும் மூன்று சுற்று. ஒரு சுற்றுக்கு எட்டு முதல் பதினைந்து முறை. சுற்றின் முடிவில், இன்னும் இரண்டு அல்லது மூன்று முறைக்குமேல் முடியாது என்ற நிலை வரவேண்டும். மூன்று சுற்றிலும் பதினைந்து முறை ஒழுங்காக வந்துவிட்டால் ஒரு கிலோ கூட்டலாம். குறைந்த எடையானாலும் களைக்கும்வரை செய்தால் தசை வளரும் என்று இக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆயினும் வலிமை மிகுவதற்கு எடையைக் கூட்டுவதே நேர்வழி. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்காதீர்கள். இரத்த அழுத்தமோ இருதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும். உணவில் புரதம் குறையலாகாது. நம் மாவட்டத்துச் செம்மண்ணில் விளையும் நிலக்கடலையும், பருப்பும், முட்டையும் அதற்கு உதவும்.

காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் ஆயத்தமாகும் இளைஞர்கள் எங்கள் ஊரிலும் சுற்றுப்புறங்களிலும் பலர். உடற்பயிற்சிக் கூடத்திற்கு மாதக் கட்டணம் கொடுக்க இயலாமல், தேர்வுக்கு முந்திய ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் செய்துவிடப் பார்த்துத் தோளையும் முழங்காலையும் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கயிறு ஏறுவதற்கு ஓராண்டு முன்பே ஒரு லிட்டர் மணலோடு தொடங்குங்கள் என்று அவர்களுக்குச் சொல்லி வருகிறேன். பெண்பிள்ளைகளுக்கும் இதே முறைதான்.

முதியவர்களுக்கும் ஒரு வார்த்தை. வயது ஏற ஏறத் தசை தேய்வது இயல்பு. என் தாயார் தம் கடைசி ஆண்டுகளில் தரையில் உட்கார்ந்தால் இருவர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அதற்காக அவர் பட்ட கூச்சத்தை நான் மறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதையே பயிற்சியாகக் கொண்டு, பின்னர் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டியை அணைத்துக்கொண்டு எழுந்து பழகினால், அந்தத் தேய்வைப் பெரிதும் தடுக்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாமற் போயிற்று.

இளவட்டக்கல்லை நான் பின்னர்த் தூக்கினேனா என்று கேட்பீர்கள். இரண்டாண்டு மணல் சுமந்தபின் அதை மார்பளவு கொண்டுவந்தேன்; தோளுக்கு மேல் அது ஏறவே இல்லை. மாமன் அதற்கே மகிழ்ந்து, தம் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். இப்போது எனக்கு எழுபது கடந்துவிட்டது. பந்தியில் தரையில் அமர்ந்து இலைச்சாப்பாடு உண்டபின், சுவரைப் பிடிக்காமல் எழுகிறேன். அறையின் மூலையில் மணல் பை இருக்கிறது. இந்த மாதம் அதில் ஏழு கிலோ.