தூங்கத் தெரிந்த கருவி

கம்பியில்லா உணர்கருவி வலைப்பின்னலைக் கரும்பலகையில் மட்டும் கற்பித்தால் போதுமா? போதாது என்பதே என் வாதம்.

2002இல் அமெரிக்காவின் கிரேட் டக் தீவில், கடற்பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் கண்காணிக்க ஆய்வாளர்கள் 32 சிறு கருவிகளை வைத்தார்கள். அங்கே அடிக்கடி போய் பேட்டரி மாற்ற முடியுமா?

கருவியின் ரேடியோ ஓயாமல் 20 மில்லிஆம்பியர் இழுத்தால், 2,000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் தீரும். 100 நொடிக்கு 1 நொடி மட்டும் விழித்தால், கணக்குப்படி ஓராண்டைத் தாண்டும். ஆனால் சுவரும் மரமும் சமிக்ஞையைத் தடுக்க, ஒரே செய்தியைப் பலமுறை அனுப்ப நேரிடும், கணக்கு பொய்க்கும். இதைக் கருவியைக் கையில் எடுத்த மாணவனே உணர்வான்.

விரிவுரையாளர்களே, மதிப்பெண்ணில் பாதியையாவது செய்முறைக்கு ஒதுக்குங்கள். பெற்றோர்களே, பிள்ளை கம்பியும் பேட்டரியுமாக உட்கார்ந்திருந்தால் கடிந்துகொள்ளாதீர்கள். அதுவும் படிப்புதான்.