பங்குக்காரர் கணக்குக் கேட்கலாம்



நூற்றுக் கணக்கு நமக்குப் புதிதல்ல. நூறு கிலோ பாலில் உலர்ந்த ரப்பர் 30 விழுக்காடு என்றால் 30 கிலோ. 28 என்று எழுதினால் இரண்டு கிலோ போச்சு. உடனே சண்டைக்கு நிற்போம், நியாயந்தான்!

கூட்டுறவுக் கணக்கென்றால் மட்டும் ஏன் வாய்மூடிக் கைதூக்குகிறோம்? தோட்டத் துண்டாடலைத் தடுக்க 1960இல் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கியவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பங்குக்காரர் கணக்குக் கேட்பது குற்றமா?

எந்தக் கூட்டுறவானாலும் சரி, அறிக்கையில் லாபம் இருக்கும். கையில் ரொக்கம் இராது. விற்ற சரக்குக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கேளுங்கள். பொதுக்கூட்டத்துக்கு முன்பே ஐந்தொகைத் தாளை வாங்கிவிடுங்கள். ஞாயிறு மாலை கிளையில் கிராணிமார் நாங்கள் வரிவரியாய்ப் படித்துக் காட்டுகிறோம்.