"எந்த ஊர்?" என்ற கேள்வி
(சுங்கை பஞ்சாங் வட்டாரத் தோட்டக் கிளைகளின் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)

விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் வெட்டி, நிறுவை முடித்துக் களைப்போடு வந்திருக்கின்றீர்கள். ஆகவே நெடுநேரம் பேசப்போவதில்லை. "அயல்நாட்டு வாழ்வும் தாய்நாட்டுப் பற்றும்" என்று நமக்குத் தலைப்புக் கொடுத்திருக்கின்றனர். இத்தலைப்பில் மேடை அதிரப் பேசியவர்கள் பலர். நாமோ செக்ரோல் எழுதுகிறவர்கள். எனவே நம் மேசைக்கு வந்த ஒரு விஷயத்திலிருந்தே தொடங்குகிறோம்.

லயத்தில் புதிதாக ஒருவரைக் கண்டால் நாம் முதலில் என்ன கேட்கிறோம்? "உங்களுக்கு எந்த ஊர்?" என்றுதான். பதில் உடனே வரும். "திருச்சி ஜில்லா" என்பார் ஒருவர். "சேலம் பக்கம்" என்பார் இன்னொருவர். "தஞ்சாவூர்", "வட ஆற்காடு" என்றும் சொல்வார்கள். சொல்கிறவர் அந்த ஊரைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார். அவருடைய தகப்பனாரும் கண்டிருக்கமாட்டார். ஆனாலும் அதுதான் ஊர். இதில் தவறு ஒன்றும் இல்லை என்றே நாமும் நெடுங்காலம் நினைத்திருந்தோம்.

இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) ஒரு பாட்டியம்மா இருக்கின்றார். 1946-இல் லயத்திலேயே பிறந்தவர். நாற்பது ஆண்டுக்காலம் பால் வெட்டியவர். அவருடைய கையில் இருப்பது சிவப்பு அடையாளக் கார்டு. அதாவது இந்நாட்டில் தங்கலாம், ஆனால் குடிமகள் அல்லர். வோட்டுப் போட்டதில்லை. சலுகை ஏதேனும் அறிவிக்கப்பட்டால் கவுண்டரில் கார்டின் நிறத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

அவருடைய பழைய தாள்களை நாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். 1958-இல், பன்னிரண்டு வயதில், அடையாளக் கார்டுக்காகத் தோட்ட ஆபீசில் எழுதிய தாளின் நகல் கிடைத்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் "முசிறி, இந்தியா" என்று எழுதியிருந்தது. அழகான கையெழுத்து. பாட்டியம்மாவிடம் கேட்டோம். "ஐயா, எந்த ஊருன்னுதானே கிராணியாரு கேட்டாரு? எங்கப்பாரு அதத்தானே சொன்னாரு?" என்றார்.

தோழர்களே, இதைக் கேட்டு நாம் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். தகப்பனார் பொய் சொல்லவில்லை. கிராணியார் கெட்டவரும் அல்லர். "பிள்ளை எங்கே பிறந்தது?" என்று கேட்க வேண்டியவர், வழக்கம்போல "எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டார். நம் இனத்தின் ஊர்ப்பாசமும் நம் உத்தியோகத்தின் சோம்பலும் சேர்ந்து ஒரு பெண்பிள்ளையை அந்நிய நாட்டாளாக எழுதிவிட்டன.

அந்தக் கட்டம் ஏன் முக்கியம் என்றால், 1957-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், குடிமக்கள் அல்லாத பெரியவர்களுக்கு வெவ்வேறு வாசல்களை வைத்தது. சுதந்திரத்துக்கு முன் இங்கே பிறந்தவர், குறிப்பிட்ட ஆண்டுகள் வசித்து, நன்னடத்தையும் ஓரளவு மலாய் மொழியும் இருந்தால், உரிமையாகவே பதிந்துகொள்ளலாம். வெளியே பிறந்து வந்தவருக்கு அந்த வாசல் இல்லை. அரசாங்கம் மனம் வைத்தால்தான் உண்டு என்ற வாசலில் அவர் பின்னாளில் நிற்க நேர்ந்தது. இங்கே பிறந்தவர்களுக்குச் சுதந்திரத்துக்குப் பின் ஓராண்டுக் காலம் மலாய் மொழிச் சோதனைகூட இல்லை. அந்த ஓராண்டு நம்மவர் பலருக்கு யோசித்தே கழிந்தது.

ஏன் யோசித்தார்கள்? அவர்களை ஏளனம் செய்வது எளிது. நாம் செய்யமாட்டோம். ஆவடி முகாமிலும் நாகப்பட்டினம் முகாமிலும் காத்திருந்து, கப்பலின் மேல்தட்டில் படுத்து வந்தவர்கள் அவர்கள். மூன்று ஆண்டில் கடனை அடைத்துவிட்டுத் திரும்பலாம் என்று கங்காணி சொன்னதை நம்பியவர்கள். குடியுரிமைப் பதிவுக்குச் சத்தியப் பிரமாணம் ஒன்று உண்டு. வேறு எந்த நாட்டுக்கும் உள்ள பற்றுறுதியை முற்றாகத் துறக்கிறேன் என்று அதில் சொல்ல வேண்டும். சட்டம் கேட்டது அரசியல் பற்றுறுதியை. நம் பாட்டன்மார் காதில் விழுந்ததோ, தாயைத் துற, குலதெய்வத்தைத் துற, பங்காளி வீட்டுச் சாவுக்குப் போகாதே என்பது. விளக்கிச் சொல்ல ஆள் இருந்த தோட்டத்தில் பதிந்துகொண்டார்கள். இல்லாத தோட்டத்தில் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள் குடியுரிமை எடுங்கள் என்று இடைவிடாது வற்புறுத்தி வந்தார். பத்திரிகை படிக்கத் தெரிந்தவர் லயத்துக்கு எத்தனை பேர்?

முதலாளிமாருக்கும் நமது ஊர்ப்பாசம் லாபமாகவே இருந்தது. திரும்பிப் போகிறவனுக்கு முதுமைக்கால உதவி எதற்கு, நல்ல வீடு எதற்கு? 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது பல்லாயிரவரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஊர் இருக்கிறதே, அது சோறு போடட்டும் என்பது கணக்கு. ஆண்களின் நாட்கூலியை 50 காசிலிருந்து 45 காசாகக் குறைத்தபோது, 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்தியது. அதன் பிறகு புதிய ஆட்கள் வரவு குறைந்தது. இருப்பவர் இங்கேயே வேரூன்றத் தொடங்கினர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் வேலைநிறுத்தம் நடத்தியபோது, கூலியோடு சேர்த்துக் கேட்ட ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது. நாளை கப்பலேறப் போகிறவன் இதற்காகத் துப்பாக்கி முன் நிற்பானா? அவர்களுக்கும் ஊர் நினைவு இருந்தது. ஆயினும் இது நமது பாதை, இதில் இறங்காமல் போவோம் என்றார்கள்.

இனி எங்கள் குடும்பத்துக் கதை ஒன்று. 1969 கலவரத்துக்குப் பின், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி கடுமையாக்கப்பட்டது. ஏறத்தாழ 60,000 இந்தியர் தோட்டங்களை விட்டுப் போனதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கின்றனர். அவர்களுள் எங்கள் பாட்டனாரின் தங்கையும் ஒருவர். 1970-இல் கணவரோடும், இங்கே பிறந்த மூன்று பிள்ளைகளோடும் பினாங்கில் 'ரஜூலா' கப்பலேறினார். தகரப்பெட்டி ஒன்று, கோடாலித் தைலம் ஒரு டஜன். பாட்டனார் துறைமுகம் வரை போய் வந்து இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லையாம். செக்ரோலில் அந்த இரண்டு நாளுக்கும் கோடு விழுந்திருக்கும்.

துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவரை எல்லோரும் 'மலாயாக்காரி' என்றே அழைத்தனர். கடைசிவரை அதே பெயர். அவர் எழுதிய கடிதங்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: "நம்ம ஊர் எப்படி இருக்கிறது?" கேட்டது துறையூரை அல்ல, அங்கேதான் அவர் உட்கார்ந்து எழுதுகிறார். கேட்டது இந்தத் தோட்டத்தை. மாரியம்மன் கோயிலுக்குத் திருவிழா எப்போது, ஆற்றோரம் இருந்த மூன்றாம் நம்பர் மரங்களை மாற்றிவிட்டார்களா, பள்ளி வாத்தியார் இருக்கிறாரா என்றெல்லாம் கேட்பார். பால்மரம் போய்ச் செம்பனை வந்ததை எழுதினால் வருந்துவார் என்று பாட்டனார் அதை எழுதாமலே விட்டுவிட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் அந்தக் கிராமத்துக்குப் போய்வந்தோம். பத்து நாள் அன்பாக வைத்துக்கொண்டார்கள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்தோம். மனம் நிறைந்தது என்பதை மறைக்க மாட்டோம். பாட்டனுக்குப் பாட்டன் நடந்த வரப்பில் நடக்கும்போது கால் கூசியது. நாம் பள்ளியில் படித்த தமிழ் அங்கே தெருவெல்லாம் ஒலிக்கக் கேட்டபோது பெருமையாகவும் இருந்தது. மூன்றாம் நாளே பெரியவர் ஒருவர் திண்ணையிலிருந்து கேட்டார்: "தம்பி, ஊருக்கு எப்போ போறீங்க?" ஊர் என்று அவர் சொன்னது சுங்கை பஞ்சாங்கை!

அங்குள்ளவர் எவருக்கும் நாம் எவ்விடத்து ஆள் என்பதில் சந்தேகமே இல்லை. சந்தேகம் நமக்குத்தான்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் தென்னமரம் தோட்டம் இருக்கின்றது. 1917-இல் இந்நாட்டில் முதன்முதல் வியாபாரத்துக்காகச் செம்பனை நட்ட இடம். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுத் துரை. பின்னர் மலாயாவை விட்டுப் போய், மலாயாவைப் பற்றியே ஒரு நாவல் எழுதி, 1930-இல் பிரான்ஸின் கோன்கூர் பரிசு பெற்றார். விட்டுப்போன இடத்தை அவர் நினைத்து நினைத்து எழுதினார் என்று புகழ்கின்றனர். புகழட்டும். பற்று வைக்க அவருக்கு எந்தக் கார்டும் தேவைப்படவில்லை. தங்கி வேலை செய்தவர்களுக்கே கார்டு தேவைப்பட்டது. தோட்டத்தின் பெயர் மட்டும் இன்றும் தமிழில் இருக்கின்றது.

ஊரை மறந்துவிடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டன் ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். தமிழ்ப்பள்ளிக்கே அனுப்புங்கள். 1957-இல் 888 இருந்தவை இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகிவிட்டன. ஆனால் கவுண்டரில் நிற்கும்போது மட்டும், கேட்பது பாட்டன் ஊரையா, பிள்ளை பிறந்த இடத்தையா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டு எழுதுங்கள்.

பாட்டியம்மாவின் காரியம் இன்னும் முடியவில்லை. அவர் படித்த தோட்டப் பள்ளி மூடப்பட்டுவிட்டது. அதன் பழைய பதிவேடு வேறொரு பள்ளியின் அலமாரியில் கரையான் பாதி தின்ற நிலையில் கிடைத்தது. அவருடைய பெயர் இருந்த பக்கத்தைக் கரையான் விட்டுவைத்திருந்தது. பிறந்த இடம் தோட்டத்தின் பெயராகவே எழுதப்பட்டிருக்கின்றது. அதை வைத்து மனுப் போட்டிருக்கின்றோம்.

வருகிற ஞாயிறு காலை, வெட்டு முடிந்ததும், கிளை அலுவலகத்துக்கு வாருங்கள். பெட்டிக்கு அடியில் சுருட்டி வைத்திருக்கும் பழைய தாள்கள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். பிறப்புச் சீட்டு, பள்ளிச் சீட்டு, பழைய கார்டு எதுவானாலும் சரி. கிராணிமார் நால்வர் இருப்போம். எந்த ஊர் என்று உங்களைக் கேட்கமாட்டோம்.