பித்தப்பை அறுவைக்கு அஞ்ச வேண்டா



நம் உடலில் பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். அதன் அடியில் உள்ள சிறு பை அந்நீரைச் சேர்த்து வைத்து, கொழுப்புணவு உண்ணும்போது குடலுக்கு அனுப்புகிறது. அதுவே பித்தப்பை.

சிலருக்கு அப்பைக்குள் கற்கள் உண்டாகின்றன. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது மிகுதி. கல் பையின் வாயிலை அடைத்தால், வலப்புற விலாவின் கீழ்க் கடும் வலி எழுந்து முதுகிற்கும் வலத் தோளுக்கும் பரவும். பலர் இதனை வாயு என எண்ணி, ஓமநீர் அருந்திவிட்டு மறுநாள் பால்மரம் வெட்டச் சென்றுவிடுகின்றனர். இது தவறு. வலியுடன் குளிர்காய்ச்சலோ கண்மஞ்சளோ தோன்றினால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

வலி தராத கல்லுக்குப் பெரும்பாலும் அறுவை தேவையில்லை. வலி தொடருமாயின் பையை அகற்றுவதே நிலையான தீர்வு. பையின்றி வாழ இயலுமா? இயலும். பால் தருவது மரமேயன்றி மங்கு அன்று. அதுபோலவே, பை நீங்கினும் கல்லீரல் பித்தநீரைச் சுரந்து நேரே குடலுக்கு அனுப்பும்.

இவ்வறுவையை 1882இல் பெர்லின் நகரில் லாங்கன்பூக் என்னும் மருத்துவர் முதன்முதலாகச் செய்தார். 1985இல் ஜெர்மனியின் எரிச் மூஹே, வயிற்றைப் பெரிதாகக் கீறாமல் சிறு துளைகள் வழியே குழாய் செலுத்திப் பையை அகற்றினார். இன்று பெரும்பாலும் அத்துளை முறையே கையாளப்படுகிறது. பலர் ஓரிரு நாளில் இல்லம் திரும்புகின்றனர். வயிற்றைத் திறந்து செய்ய நேர்ந்தால் குணமடையக் கூடுதல் காலமாகும்.

"அறுத்தபின் பால்வாளி தூக்க முடியுமா? சம்பளம் போகுமே!" என்று அஞ்சுவோர் உளர். மருத்துவர் குறிக்கும் காலம் வரை பாரம் தூக்காதிருந்தால், பின்னர் வழக்கம்போல் உழைக்கலாம். மருத்துவமனைச் சிகிச்சைக்கென ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்துடன் விடுப்புப் பெற 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வழி செய்துள்ளது. மருத்துவச் சான்றிதழைத் தோட்ட அலுவலகத்தில் தவறாது கொடுங்கள்.

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்ட மக்களுக்குக் கோல சிலாங்கூர் மாவட்டத்திலேயே தஞ்சோங் காராங் அரசு மருத்துவமனை உள்ளது. கிள்ளானிலும் சுங்கை பூலோவிலும் பெரிய அரசு மருத்துவமனைகள் உள்ளன. வலியின்றி எடுக்கப்படும் ஸ்கேன் படமே கல்லைக் காட்டிவிடும்.

அன்பர்களே, வலியை மறைத்து உழைப்பது வீரமன்று. குடும்பத்தின் தூணாகிய உங்கள் உடலைக் காலத்தே காத்துக்கொள்ளுங்கள்.