சயாம் ரயிலும் நம் ஜனங்களும்

(வீரசோழனில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசிய பேச்சிலிருந்து)



"கண்மாய் வறண்டு கிடக்கிறது. மில்லில் ஷிப்டு முடித்து வந்தால் கண் சொருகுகிறது. இதில் யுத்தத்தைப் பற்றிய கதைப் புத்தகம் நமக்கு எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் தேடி ருஷ்யாவுக்கோ பிரான்சுக்கோ போக வேண்டியதில்லை. இந்த வானம் பார்த்த சீமையிலிருந்து கப்பலேறிய ஜனங்களின் கதையே போதும்.

மழை பொய்த்த காலங்களில் மலாயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் அல்லவா ராமநாதபுரம் சீமைக்காரர்கள்? கங்காணியின் பேச்சை நம்பி ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. தோட்டத்துத் துரைமார்கள் ஓடினார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை, கஞ்சிக்கும் வழியில்லை. அந்தச் சமயத்தில்தான் ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் தேடியது. கூலி உண்டு, அரிசி உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதவில்லை என்றதும் பிடித்தே ஏற்றினார்கள்.

415 கிலோமீட்டர் பாதை. காடு, மலை, விடாத மழை. 1943 அக்டோபரில் முடித்தும்விட்டார்கள்! காலரா, மலேரியா, சீதபேதி, பட்டினி எல்லாம் சேர்ந்து வாரிக்கொண்டு போயின. நேசநாட்டு யுத்தக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் முதலிய ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 என்கிறார்கள். இது மதிப்பீடுதான். கூலிக்காரன் சாவை எண்ணி எழுதிவைக்க யாருக்கு அக்கறை?

கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் உள்ளன. இருக்கட்டும், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தான். 1957-ல் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி ஆங்கிலப் படம் வந்து உலகமெங்கும் ஓடியது. அது வெள்ளைக்காரக் கைதிகளின் கதை. பல்லாயிரம் தமிழ்க் கூலிகளுக்கு அதில் இடமில்லை. படம் பிடித்ததோ இலங்கையில்!

பிறகு யார் எழுதினார்கள்? மலேசியத் தமிழர்களே எழுதினார்கள். ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்ற நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' என்ற நாவலையும் எழுதினார்கள். கணக்கில் விட்டுப்போன கூலி, இந்த நாவல்களில் தாயும் பிள்ளையும் பசியும் பயமும் உள்ள மனிதனாக வருகிறான். சரித்திரப் புத்தகம் செய்யாத வேலை இது.

சிங்கம்புணரியில் பிறந்த ப. சிங்காரம், இளவயதில் இந்தோனேசியாவில் மேடான் நகரத்துக் கடையில் வேலைக்குப் போனவர். யுத்தத்தை அங்கே கண்ணால் பார்த்தார். திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தபடி இரண்டே நாவல்கள் எழுதினார். 'புயலிலே ஒரு தோணி' 1972-ல்தான் புத்தகமாக வந்தது. அதுவும் அப்போது கவனிப்பாரற்றுக் கிடந்தது. கொஞ்சம் கடினமான நடை. இருந்தாலும் விடாமல் படியுங்கள்.

யுத்தத்தைப் பாடாத காலம் தமிழில் இல்லை. கலிங்கத்துப் பரணி சோழனின் வெற்றியைப் பாடுகிறது. போர்க்களத்தில் பேய்கள் பிணக்கூழ் அடுகின்றன. கவிதை அபாரம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூழில் வெந்தவன் எந்த ஊர்க் குடியானவன் என்று புலவர் கேட்கவில்லை. நம் ஊரின் பெயரிலும் வீரம் இருக்கிறது, சோழன் இருக்கிறான். மண்வெட்டி பிடித்தவன் இல்லை!

இன்று எல்லையில் ஒரு வெடிச் சத்தம் கேட்டால் போதும், செல்போனில் "அடி, நொறுக்கு" என்று கூச்சல் கிளம்புகிறது. நம் பிள்ளைகளும் அதை அடுத்தவனுக்கு அனுப்புகிறார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள். சயாம் ரயில் கதையில் பத்துப் பக்கம் படித்துக் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் இங்கே ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம். எழுத்துத் தெரியாத தாய்மார்கள் அவசியம் வர வேண்டும். வீட்டிலிருந்து மலாயா போய்த் திரும்பாதவர் யாராவது உண்டென்றால், அவர் பெயரையும் எந்த வருஷத்தோடு கடிதம் நின்றது என்பதையும் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம், அதில் எழுதிக்கொள்வோம்.