புதிய காடு தேடும் விலங்குகள்

காட்டு விலங்குகள் ஓரிடத்தில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே மடிகின்றன என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணம் பாதி உண்மையே. பாலூட்டிகளுள் பெரும்பாலான இனங்களில், பருவம் எய்தியதும் குட்டிகளில் ஒரு பகுதி பிறந்த இடத்தை விட்டு வெளியேறிவிடுகின்றன. இது பருவந்தோறும் நிகழும் வலசை அன்று. வலசை போன விலங்கு மீண்டு வரும். இதுவோ பெரும்பாலும் திரும்பி வாராப் பயணம். உயிரியலார் இதனைப் 'பரவல்' என்று வழங்குவர்.

விலங்கு ஏன் தாயகத்தைத் துறக்க வேண்டும்? புலியை எடுத்துக்கொள்வோம். தாய்ப்புலி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் குட்டிகளை உடன் வைத்து வேட்டைக்குப் பழக்குகிறது. பின்னர் அவை பிரிந்து தத்தமக்கென ஓர் எல்லையைத் தேடிக்கொள்ள வேண்டும். பெண் குட்டி பெரும்பாலும் தாயின் எல்லையை அடுத்தே இடம் பிடித்துக்கொள்கிறது. ஆண் குட்டிக்கு அந்த வாய்ப்பு அரிது. அங்கே ஆட்சி செலுத்தும் வளர்ந்த ஆண்புலி மற்றோர் ஆணைப் பொறுத்துக்கொள்ளாது. எனவே அது நெடுந்தொலைவு செல்கிறது. பறவைகளிடையே இம்முறை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. அங்குப் பெட்டையே தொலைவு செல்லும்.

இப்பிரிவினால் இனத்திற்கு விளையும் நன்மை பெரிது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழாமல் இது தடுக்கிறது. வழி அடைபட்டால் நேர்வது யாது? ஒடிசா மாநிலத்துச் சிமிலிபால் காட்டில், கரிய வரிகள் அகன்று ஒன்றோடொன்று கலந்து, உடலே கருமையாகத் தோன்றும் புலிகள் உண்டு. மரபணு ஒன்றில் நேர்ந்த மாறுதலே இதற்குக் காரணம் என்று 2021-இல் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தனர். பிற இடங்களில் மிக மிக அரிதான இத்தோற்றம் அங்கு மட்டும் மிகுந்திருப்பதேன்? மற்றப் புலிகளோடு கலவாமல், சிறு கூட்டமாகத் தனித்துப் போனமையே அதற்கு அடிப்படை. காட்சிக்கு அது விந்தை; கருத்திற்கோ அஃது ஓர் எச்சரிக்கை.

இனி ஒரு புலியின் பயணத்தைக் காண்போம். மகாராஷ்டிர மாநிலம் யவத்மால் மாவட்டத்தில் திப்பேஷ்வர் என்னும் சிறிய வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அங்குப் பிறந்த ஓர் இளம் ஆண்புலிக்கு 2019-இல் வானொலிக் கழுத்துப்பட்டை பொருத்தினர். அவ்வாண்டின் நடுப்பகுதியில் அது புறப்பட்டது. மகாராஷ்டிரத்தையும் தெலங்கானாவையும் ஊடுருவி, பருத்தி வயல்கள், ஓடைகள், சாலைகள், ஊர்ப்புறங்கள் ஆகியவற்றைத் தாண்டிச் சென்றது. பகலில் புதர்களிலே மறைந்திருக்கும், இரவிலே நடக்கும். அது மொத்தம் நடந்த தொலைவு ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். 'நடையன்' என்று பொருள்படும் 'வாக்கர்' என்னும் பெயரையும் அது பெற்றது. இறுதியில் புல்டானா மாவட்டத்து ஞானகங்கா சரணாலயத்தை அடைந்தது. அங்கே இரை இருந்தது; மறைவிடம் இருந்தது; எதிர்க்க வேறு ஆண்புலியும் இல்லை. ஆனால் பெண்புலியும் இல்லை! இடம் கிடைத்தும் குடும்பம் அமையவில்லை. சென்றடைவது வேறு, குடியேறுவது வேறு என்பதை இப்புலி நமக்குத் தெளிவுறுத்துகிறது.

குடியேற்றம் நிறைவேறிய கதையும் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஸ்லொவேனியா நாட்டில், 2011-ஆம் ஆண்டு ஓர் இளம் ஓநாய்க்கு இதுபோன்ற கழுத்துப்பட்டையை அறிஞர்கள் பூட்டினர். ஸ்லாவ்ட்ஸ் என்று அதற்குப் பெயர். அவ்வாண்டு டிசம்பரில் அது தன் கூட்டத்தைப் பிரிந்தது. ஆஸ்திரியாவில் திராவா ஆற்றை நீந்திக் கடந்து, பனி மூடிய ஆல்ப்ஸ் கணவாய்களில் ஏறி இறங்கி, 1,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, 2012 மார்ச்சில் இத்தாலியின் வெரோனா நகருக்கு வடக்கேயுள்ள லெஸ்ஸினியா மலையை அடைந்தது. அம்மலையில் தனியளாய்த் திரிந்த பெண் ஓநாய் ஒன்றை அது சந்தித்தது. வெரோனா ஷேக்ஸ்பியரின் காதல் நாடகம் நிகழும் ஊர் அல்லவா? ஆகவே மக்கள் அப்பெண்ணுக்கு ஜூலியட் என்று பெயரிட்டனர். 2013-இல் அவ்விணை குட்டிகளை ஈன்றது. நெடுங்காலமாகப் பிரிந்திருந்த பால்கன், இத்தாலிய ஓநாய் மரபுகள் இரண்டும் அங்கே ஒன்றுகூடின.

இதனால் எல்லோரும் மகிழ்ந்தனர் என்று சொல்வதற்கில்லை. மலையில் கால்நடை மேய்ப்போர் கன்றுகளையும் ஆடுகளையும் இழந்தனர். அவர்களுடைய மனக்குறை நியாயமானதே. மின்வேலி, காவல் நாய், உரிய இழப்பீடு ஆகியவை இல்லாமல், விலங்கை வரவேற்கும் பொறுப்பை மேய்ப்பவர் தலையில் மட்டும் சுமத்துவது அறமாகாது. உணவும் நீரும் மறைவிடமும் துணையும் போலவே, அண்டை மனிதரின் பொறுமையும் புதுக் குடியேற்றத்திற்கு இன்றியமையாதது.

அதனினும் முதலாவது, வழி. காடுகள் கடல் நடுவே தீவுகள் போல ஆகிவிட்ட இக்காலத்தில், அவற்றை இணைக்கும் ஓடைக்கரைகளும் புதர்க்காடுகளுமே விலங்குகளுக்குப் பாலங்கள். சாலை போடுவதே குற்றம் என்பதன்று. பெஞ்ச் காட்டுப்பகுதியை ஊடறுக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சில இடங்களில் சாலையை உயர்த்தி, கீழே விலங்குகள் செல்வதற்கு வழி விட்டிருக்கின்றனர். புள்ளிமானும் காட்டுப்பன்றியும் செந்நாயும் புலியும் அவ்வழியே கடப்பதைத் தானியங்கிப் படக்கருவிகள் பதிவு செய்துள்ளன.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் பொறியாளராகிச் சாலைகளுக்குத் திட்டம் வரைவீர்கள். சிலர் ஆட்சிப் பொறுப்பேற்று நிலங்களுக்கு அனுமதி வழங்குவீர்கள். இரண்டு காடுகளுக்கு இடையே கிடக்கும் ஒரு புதர்நிலம் நிலப்படத்தில் பயனற்ற தரிசாகத் தோன்றக்கூடும். அதன் மீது கோடு கிழிக்குமுன், இரவில் அவ்வழியே நடந்து செல்லும் உயிர் ஒன்று உண்டா என்று ஒருமுறை கேட்டறியுங்கள். ஓர் இனத்தின் வருங்காலம் அந்தத் தரிசின் வழியாகவே நடந்துபோகக் கூடும்.